கம்பெனி ஆவணங்கள்: புது சர்வர் வாங்கலாமா, கிளவுடுக்குப் போகலாமா?

கோவை_வார்ப்பு

வணக்கம். கோவையில் குடும்பமாக நடத்தும் பிரைவேட் லிமிடெட் கம்பெனி எங்களுடையது. பம்ப், வால்வு பாகங்களை வார்த்து மெஷினிங் செய்து கொடுக்கிறோம். பாதிக்கு மேல் ஏற்றுமதி. ஆபீஸ், ஷாப் ஃப்ளோர் சேர்த்து எழுபது பேர் சொச்சம்.

ஆவணங்கள் முழுவதும் மாடிப்படிக்கு அடியில் உள்ள அறையில் ஒரு டவர் சர்வரில் இருக்கின்றன. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. பக்கத்தில் யுபிஎஸ், அதன் மேல் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். தினமும் இரவு அதில் பேக்கப் ஓடுகிறது. சர்வரில் 'பொது' என்று ஒரே ஃபோல்டர். பையர் டிராயிங், விலைக் கணக்கு, சம்பள விவரம், ஆதார் நகல், வங்கிக் கடன் பத்திரம், போர்டு மினிட்ஸ் எல்லாம் அதற்குள். மொத்தம் 2 டிபி.

சர்வர் திணற ஆரம்பித்துவிட்டது. புது சர்வருக்கு ஒரு கொட்டேஷன், கிளவுட் (இணையம் வழியாக வாடகைக்கு எடுக்கும் சர்வர் இடம்) சந்தாவுக்கு ஒரு கொட்டேஷன் கையில் இருக்கிறது. அப்பா, "பையர் நம்மை நம்பிக் கொடுத்த டிராயிங் நம்ம காம்பவுண்டைத் தாண்டக் கூடாது" என்கிறார். கணக்கு பார்க்கும் தங்கை கிளவுட்தான் என்கிறாள். இதற்கிடையில் வண்டிகளுக்கான வாட்டர் பம்ப் பாகம் வாங்கும் ஜெர்மனி பையர், டைசாக்ஸ் (வாகனத் துறை சப்ளையர்களின் தகவல் பாதுகாப்பைச் சோதிக்கும் முறை) மதிப்பீடு எப்போது முடிப்பீர்கள் என்று மெயில் போட்டிருக்கிறார்.

இதில் அடிபட்டுத் தேறியவர்கள் சொல்லுங்கள்.

ஓசூர்_சிஸ்அட்மின்

சர்வரா கிளவுடா என்பதை அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம். இன்றைக்கே வேலை இருக்கிறது.

அந்த எக்ஸ்டர்னல் டிஸ்க்கை பேக்கப் முடிந்ததும் கழற்றி வேறு இடத்தில் வையுங்கள். எப்போதும் சொருகியே இருக்கும் டிஸ்க், ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுக் காசு கேட்கும் புரோகிராம்) கண்ணுக்கு இன்னொரு டிரைவ் மட்டும்தான். சர்வரைப் பூட்டும்போது அதையும் சேர்த்துப் பூட்டிவிடும். அப்புறம், 2012 ஆர்2-க்கு வழக்கமான அப்டேட் 2023 அக்டோபர் 10 அன்றே நின்றுவிட்டது. தனியாகக் காசு கட்டி நீட்டித்திருந்தால் ஒழிய, அதற்குப் பிறகு தெரியவந்த ஓட்டைகள் உங்கள் சர்வரில் அடைக்கப்படாமல் கிடக்கின்றன.

ஒரு கேள்வி. வீட்டிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப்பில் சர்வருக்குள் வர வழி வைத்திருக்கிறீர்களா?

கோவை_வார்ப்பு

இருக்குதுங்க. கொரோனா சமயத்தில் சர்வீஸ் ஆள் ரவுட்டரில் போர்ட் திறந்து கொடுத்தார். தங்கை அதில்தான் வீட்டிலிருந்து டேலி பார்க்கிறாள்.

ஓசூர்_சிஸ்அட்மின்

இன்று மாலைக்குள் அதை மூடச் சொல்லுங்கள். வெளியிலிருந்து வேலை பார்த்தே ஆக வேண்டுமென்றால் விபிஎன் (ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் வரும் பூட்டிய தனிப் பாதை), அதற்கு மேல் மொபைலில் வரும் இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு. நேரடியாகத் திறந்து கிடக்கும் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட்டைத் தேடிப் பிடித்து, பாஸ்வேர்டை மாற்றி மாற்றி அடித்துப் பார்ப்பதற்கென்றே புரோகிராம்கள் ராத்திரி பகலாக ஓடுகின்றன. ரான்சம்வேர் உள்ளே வரும் வழிகளில் இது மிகப் பழையது, இன்றும் பலிப்பது.

சோழிங்கநல்லூர்_கிளவுட்

நான் கிளவுட் பக்கம். உங்களிடம் முழுநேர சிஸ்டம் ஆள் இல்லை, அதுதான் காரணம். கூப்பிட்டால் வரும் சர்வீஸ் ஆளை நம்பி ரகசிய ஆவணம் இருக்கும் சர்வரை நடத்தக் கூடாது.

2025 ஜூலையில் ஷேர்பாயின்ட் ஆவண சர்வரில் வெடித்த 'டூல்ஷெல்' ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்த இடத்தில் சர்வர் வைத்து ஓட்டியவர்கள்தான் அடிபட்டார்கள். அதே மென்பொருளை கிளவுடில் வாடகைக்கு வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. மைக்ரோசாஃப்ட் முதலில் விட்ட பேட்சையே (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) தாக்குபவர்கள் சுற்றிக்கொண்டு வந்தார்கள். அடுத்த பேட்சைப் போட்டால் மட்டும் போதாது, சர்வரின் உள் சாவிகளையும் மாற்றுங்கள் என்று அறிவிப்பு வந்தது. அமெரிக்க அரசுத் துறைகளே சிக்கிய விஷயம் இது. அப்படி ஒரு அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை வந்தால் உங்கள் கம்பெனியில் யார் படிப்பார்கள்?

சர்வர் வேண்டாம், சின்ன நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைக்கும் டிஸ்க் பெட்டி) போதும் என்று யாராவது சொல்வார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர், இணையத்தில் நேரடியாகத் திறந்திருந்த கியூநாப் நாஸ் பெட்டிகளைத்தான் வரிசையாகப் பூட்டி, பெட்டிக்கு 0.03 பிட்காயின் கேட்டது. அதே ஆண்டு நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் சர்வர்கள் பூட்டப்பட்டபோது ஓபி சீட்டு முதல் லேப் ரிப்போர்ட் வரை நாள் கணக்கில் கையால் எழுதினார்கள். அங்கே கம்ப்யூட்டர் பிரிவே தனியாக இருந்தது.

மதுரை_லினக்ஸ்

சோழிங்கநல்லூர் நண்பர் சொன்னது எல்லாம் சரி. ஆனால் பாதிப் படம்தான்.

2025 ஜூலையில் ஐரோப்பிய யூனியன் நயாரா எனர்ஜி மீது தடை போட்டது. குஜராத் வாடினாரில் பெரிய சுத்திகரிப்பு ஆலை வைத்திருக்கும் இந்தியக் கம்பெனி, ரஷ்யாவின் ராஸ்நெஃப்டுக்கு அதில் பங்கு உண்டு. இந்தியச் சட்டப்படி அதன் மேல் எந்தத் தடையும் இல்லை. இருந்தும் மைக்ரோசாஃப்ட் அதன் மெயிலையும் மற்ற சேவைகளையும் நிறுத்தியது. காசு கட்டி வாங்கிய லைசென்ஸ்! நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு சில நாளில் சேவை திரும்பியது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. எழுபது பேர் கம்பெனியின் கணக்கை ஏதோ ஒரு தானியங்கி முடக்கினால், யாரிடம் போய் நிற்பது?

அமெரிக்காவின் 2018 கிளவுட் சட்டத்தையும் மறக்க வேண்டாம். டேட்டா மும்பையில் இருந்தாலும் அதை வைத்திருப்பது அமெரிக்கக் கம்பெனி என்றால், முறையான உத்தரவோடு அந்நாட்டு அதிகாரிகள் கேட்டால் கொடுக்க வேண்டிய கட்டாயம் அதற்கு வரலாம். 'இந்தியாவில் சர்வர்' என்று கொட்டேஷனில் போடுவது இதற்குப் பதில் ஆகாது. ஆகவே அப்பா சொல்வதைச் சும்மா பழைய காலத்துப் பயம் என்று தள்ளாதீர்கள்.

கிளவுடில் போட்டால் பேக்கப் தானாக ஆகிவிடும் என்பதும் தவறு. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியம் கூகுள் கிளவுடில் வைத்திருந்த தனி கிளவுட் சந்தா ஒரு அமைப்புத் தவறால் அழிந்தது. இரண்டு இடங்களில் நகல் வைத்திருந்தார்கள், இரண்டும் போயிற்று, ஏனென்றால் இரண்டும் ஒரே சந்தாவுக்குள் இருந்தன. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள். வேறு ஒரு நிறுவனத்திடமும் தனியாக பேக்கப் வைத்திருந்தது மீண்டு வர உதவியது.

ஈக்காட்டுத்தாங்கல்_அச்சகம்

காம்பவுண்டுக்குள் இருந்தால் பத்திரம் என்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

2015 டிசம்பர் முதல் வாரம் அடையாறு பொங்கி எங்கள் எஸ்டேட்டுக்குள் வந்தபோது சர்வர் தரைத்தளத்தில் இருந்தது. தண்ணீர் வடிந்து கதவைத் திறந்தபோது பெட்டிக்குள் சேறு காய்ந்து போயிருந்தது. ரெக்கவரி ஆட்கள் டிஸ்க்கைக் கழுவிக் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தார்கள். டிசைன் ஃபைல்கள் பல பாதியோடு திறந்தன: மேல் பாதி படம், கீழே சாம்பல் கோடு. கஸ்டமரின் ஒப்பந்த நகல்களை அவர்களிடமே கேட்டு வாங்க வேண்டியதாயிற்று. மாடிப்படிக்கு அடியில் என்று படித்ததும் மனசு பதறியது. கோவையில் ஆறு வராது என்பீர்கள். யுபிஎஸ் பேட்டரி எங்கேயும் தீப்பிடிக்கும்.

தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26 அன்று டேஜன் நகரத்து அரசு டேட்டா சென்டரில் லித்தியம் பேட்டரிதான் பற்றியது. அரசு ஊழியர்கள் வேலைக் கோப்புகளைப் போட்டு வைத்த 'ஜி டிரைவ்' அங்கே இருந்தது. 858 டிபி. அளவு பெரிது என்பதால் வெளியே நகல் எடுக்கவில்லை. அத்தனையும் சாம்பல். அரசாங்கத்தின் சொந்த இடம், சொந்த மெஷின், சொந்த ஆட்கள்.

மதுரை_லினக்ஸ்

ஈக்காட்டுத்தாங்கல் சார், அதை மறுக்கவில்லை. சொந்த சர்வர் வைப்பவர் வெளியூரில் ஒரு நகல் வைக்க வேண்டும். கிளவுட் வைப்பவர் வேறு கணக்கில் ஒரு நகல் வைக்க வேண்டும். இரண்டு கொட்டேஷனிலும் அந்த வரி இருக்காது, பாருங்கள்.

கோவை_வார்ப்பு

எடுத்துப் பார்த்தேன். இரண்டிலும் இல்லை.

தணிக்கை_ஈரோடு

சட்டப் பக்கத்தை நான் சொல்லிவிடுகிறேன், இதில் பலர் கோட்டை விடுகிறார்கள்.

கம்பெனி என்பதால் உங்கள் கணக்குப் புத்தகங்களையும் அதற்கான வவுச்சர்களையும் 8 நிதியாண்டு வைத்திருக்க வேண்டும், கம்பெனிகள் சட்டம் பிரிவு 128. கணக்கு கம்ப்யூட்டரில் இருந்தால் அதன் பேக்கப் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். முன்பு 'அவ்வப்போது' என்று இருந்தது, 2022 ஆகஸ்டில் 'தினமும்' என்று திருத்தினார்கள். கிளவுடில் வைத்தால் சேவை தருபவர் யார், எங்கே இருக்கிறார் என்ற விவரத்தை ஆண்டுதோறும் நிதி அறிக்கை தாக்கல் செய்யும்போது ஆர்ஓசிக்கு (கம்பெனிகள் பதிவாளர்) சொல்ல வேண்டும். ஆகவே சட்டம் கிளவுடைத் தடுக்கவில்லை. கொட்டேஷன் கொடுத்தவரிடம் டேட்டா எந்த ஊர் சென்டரில், பேக்கப் எந்த ஊரில் என்று எழுத்தில் வாங்குங்கள். 'ஏஷியா ரீஜன்' என்று எழுதினால் திருப்பி அனுப்புங்கள், சிங்கப்பூரும் ஏஷியாதான்.

திருட்டோ தாக்குதலோ நடந்தால் 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன் என்ற மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும், 180 நாள் லாக் (சிஸ்டத்தில் நடந்தவற்றின் பதிவு) வைத்திருக்க வேண்டும். இது 2022 ஏப்ரல் 28 உத்தரவு, உங்களுக்கும் பொருந்தும். சர்வர் சொந்தமாக இருந்தால் அந்த லாக் எடுத்து வைப்பதும் உங்கள் தலையில்தான்.

ஆதார் நகல், சம்பள விவரம் என்றீர்களே, அது தனிநபர் தரவு. 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம். போதிய பாதுகாப்பு வைக்காமல் தரவு கசிந்தால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். உங்களுக்கு அவ்வளவு போடுவார்கள் என்று சொல்லவில்லை. ஆனால் எழுபது பேரின் ஆதார் நகல் எல்லோரும் திறக்கும் 'பொது' ஃபோல்டரில் இருப்பதற்கு எந்தப் பதிலும் சொல்ல முடியாது. டேட்டா கிளவுடில் இருந்தாலும் பொறுப்பு உங்களுடையதே.

டிசைன்_கணபதி

நான் கேட் (கம்ப்யூட்டரில் டிராயிங் போடும் மென்பொருள்) ஆள். கிளவுட் ஆதரவாளர்கள் மறந்துவிடும் ஒன்றைச் சொல்கிறேன்.

அசெம்பிளி ஃபைல் தனியாக வாழாது. அதற்குள் நாற்பது பார்ட் ஃபைல்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று பாதை எழுதியிருக்கும். சாதாரண கிளவுட் சிங்க் ஃபோல்டரில் போட்டால் ஒருவர் கம்ப்யூட்டரில் ஒரு பாதை, இன்னொருவர் கம்ப்யூட்டரில் வேறு பாதை. திறந்தால் பாதி பார்ட் காணோம் என்று வரும். இரண்டு பேர் ஒரே ஃபைலைத் திறந்து சேவ் செய்தால் பெயருக்குப் பின்னால் கம்ப்யூட்டர் பெயர் ஒட்டிய இரட்டை நகல் பிறக்கும். எது சரியான ரிவிஷன் என்று தெரியாமல் பேட்டர்ன் ஷாப்புக்குத் தப்பான டிராயிங் போனால் என்ன ஆகும் என்று வார்ப்பு ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நேரக் கணக்கும் பாருங்கள். 2 டிபியை 100 எம்பிபிஎஸ் லைனில் முழு வேகத்தில் இறக்கினாலே 44 மணி நேரத்துக்கு மேல். சர்வர் செத்து கிளவுடிலிருந்து எல்லாவற்றையும் இறக்க வேண்டும் என்றால் இரண்டு நாள் டிசைன் டிபார்ட்மென்ட் கையைக் கட்டி உட்கார வேண்டும். ஓடுகிற டிராயிங்குக்கு ஆபீஸிலேயே ஒரு மெஷின் வேண்டும் என்பது என் கட்சி.

இன்னொன்றையும் மனம் விட்டுச் சொல்கிறேன். கோவையில் டிராயிங் கசிவது சர்வரிலிருந்து இல்லை. மெஷினிங்கை வெளியே ஜாப் ஒர்க்குக்குக் கொடுக்கிறோம். சூப்பர்வைசர் டிராயிங்கை வாட்ஸ்அப்பில் பிடிஎஃப்பாக அனுப்புகிறார். ஜாப் ஒர்க் ஓனர் அதைத் தன் ஆபரேட்டருக்கு அனுப்புகிறார். ஆபரேட்டர் அடுத்த மாதம் வேறு கடைக்கு வேலைக்குப் போகிறார், டிராயிங்கும் அவர் போனிலேயே போகிறது. பையரோடு நீங்கள் கையெழுத்துப் போட்ட என்டிஏவில் (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) இதற்கெல்லாம் பொறுப்பு உங்களுடையது. லட்சங்களில் சர்வர் வாங்கினாலும் கிளவுட் வாங்கினாலும் இந்த ஓட்டை அப்படியே இருக்கும்.

கோவை_வார்ப்பு

கணபதி அண்ணா, அப்பாவிடம் உங்கள் கடைசிப் பத்தியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. எங்களிடம் அப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது.

இதற்கு என்ன வழி?

சிங்கை_செக்யூரிட்டி

நான் சிங்கப்பூரில் ஆவணப் பாதுகாப்பு வேலையில் இருக்கிறேன். இந்த இடத்தில் கிளவுட் உண்மையாகவே உதவும். ஜாப் ஒர்க் ஆளுக்கு ஃபைலை அனுப்பாமல் லிங்க் அனுப்புங்கள்: அவர் மொபைல் எண்ணோ மெயிலோ சரிபார்த்துத்தான் திறக்கும், பத்து நாளில் காலாவதி, டவுன்லோட் கிடையாது, ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கடைப் பெயர் வாட்டர்மார்க். போட்டோ எடுப்பதை எதுவும் தடுக்காது. ஆனால் தன் பெயர் தாங்கிய டிராயிங்கை வெளியே விட எவரும் தயங்குவார்கள். அவர் செய்யும் ஆபரேஷனுக்கு வேண்டிய அளவுகள் மட்டும் உள்ள தனி டிராயிங் எடுத்துக் கொடுப்பது இன்னும் நல்லது. முழு அசெம்பிளி அவருக்கு எதற்கு?

டைசாக்ஸ் பற்றி: உங்கள் ஆவணம் கிளவுடிலா சொந்த இடத்திலா என்று அதற்குக் கவலை இல்லை. எந்த ஆவணம் எவ்வளவு ரகசியம் என்று வகை பிரித்திருக்கிறீர்களா, யார் திறக்கலாம் என்று எழுதி வைத்து அதன்படி நடக்கிறீர்களா, வேலையை விட்டுப் போனவர் அனுமதி அன்றே நீக்கப்படுகிறதா, இவற்றைக் கேட்பார்கள். வகை பிரிக்காமல் எந்த வெண்டரிடமும் பேசாதீர்கள். பிரித்த பிறகு பாதிக் கேள்விக்கு விடை தானே வரும்.

மதுரை நண்பரின் கவலைக்கும் வழி உண்டு. பேக்கப்பை இங்கேயே என்கிரிப்ட் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) பிறகு மேலே ஏற்றுங்கள். சாவி உங்களிடம் மட்டும். அப்போது கிளவுட் கம்பெனியை யார் வந்து கேட்டாலும் கொடுக்க அவர்களிடம் படிக்க முடியாத பொதிதான் இருக்கும். சாவி தொலைந்தால் உங்களுக்கும் அதே கதி, அதனால் அதைக் காகிதத்தில் அச்செடுத்து, ஒன்றை வங்கி லாக்கரில், ஒன்றை அப்பாவிடம். அழிக்க முடியாத பேக்கப் என்று கேட்டு வாங்குங்கள். அமேசான் கிளவுடில் 'ஆப்ஜெக்ட் லாக்' என்று ஒன்று இருக்கிறது. அதன் கடுமையான முறையில் குறித்த நாள் வரை கணக்கின் உரிமையாளரே அழிக்க நினைத்தாலும் அழியாது. ரான்சம்வேர்க்காரன் உங்கள் பாஸ்வேர்டைப் பிடித்துவிட்டாலும் அந்த நகல் நிற்கும்.

சோழிங்கநல்லூர்_கிளவுட்

டிசைன் பக்கம் உள்ளூர் மெஷின் என்பதை ஏற்கிறேன். மற்ற ஆவணத்துக்கு என் நிலை மாறவில்லை. ஆனால் கிளவுடிலும் பாஸ்வேர்டு மட்டும் போதாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2024-இல் ஸ்னோஃப்ளேக் கிளவுடில் டேட்டா வைத்திருந்த பல பெரிய கம்பெனிகளிடமிருந்து திருடினார்கள். ஸ்னோஃப்ளேக்கை உடைக்கவில்லை. வேறு எங்கோ திருடிய பாஸ்வேர்டை வைத்து, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போடாத கணக்குகளுக்குள் நேராக நடந்து போனார்கள். எழுபது பேரில் கம்ப்யூட்டர் தொடும் ஒவ்வொருவருக்கும் அது கட்டாயம் என்று முதல் நாளே போட்டுவிடுங்கள். எம்டி உட்பட.

ஓசூர்_சிஸ்அட்மின்

எதை வாங்கினாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு ரீஸ்டோர் டெஸ்ட். பேக்கப் 'சக்சஸ்' என்று பச்சையாகக் காட்டுவது எனக்குப் போதாது. பழைய டிராயிங் ஒன்றைத் திரும்ப எடுத்து, திறந்து, பிரிண்ட் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

கோவை_வார்ப்பு

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாளாக இதே வேலையாக இருந்தோம், அதனால்தான் தாமதம்.

போர்ட் அன்றே மூடியாயிற்று. ரீஸ்டோர் டெஸ்ட்டை இப்போதிருக்கும் பேக்கப்பிலேயே செய்து பார்த்தோம். பழைய இம்பெல்லர் அசெம்பிளி ஒன்றைத் தனி லேப்டாப்பில் இறக்கித் திறந்தோம். ஷாஃப்ட், ஸ்லீவ் வந்தன. இம்பெல்லர் இருக்க வேண்டிய இடம் காலி. பழைய டிரைவ் எழுத்தைத் தேடிக்கொண்டு நின்றது. ஃபைல் பேக்கப்பில் இருக்கிறது, ஆனால் அதைக் கண்டுபிடித்து இணைக்க டிசைனருக்கு முற்பகல் முழுவதும் போயிற்று. கணபதி அண்ணா சொன்னது கண் முன்னால் நடந்தது.

பிறகு தங்கையும் நானும் 'பொது' ஃபோல்டரை உட்கார்ந்து பிரித்தோம். 2 டிபியில் பெரும்பகுதி பழைய சிமுலேஷன் ஃபைலும் கண்காட்சி வீடியோவும். உண்மையில் ரகசியம் என்று கொள்ள வேண்டியது கொஞ்சம்தான்.

முடிவு இப்படி. பையர் டிராயிங்கும் மாடலும் ஆபீஸில் புது மெஷினில், ரிவிஷன் பார்த்துக்கொள்ளும் மென்பொருளோடு. மெஷின் முதல் மாடிக்குப் போகிறது, யுபிஎஸ் வேறு அறையில். கணக்கு, எச்ஆர், ஒப்பந்தம், மினிட்ஸ் எல்லாம் கிளவுடில், இந்திய சென்டர் என்று எழுத்தில் வாங்கியாயிற்று. ஆதாரும் சம்பளமும் மூன்று பேர் மட்டும் திறக்கலாம். இரண்டுக்கும் சேர்த்து, என்கிரிப்ட் செய்த பேக்கப் தினமும் வேறு ஒரு நிறுவனத்தின் கிளவுடில், அழிக்க முடியாத முறையில். சாவிக் காகிதம் ஒன்று லாக்கரில், ஒன்று அப்பா பீரோவில். டிராயிங் வெளியே போவது இனி வாட்டர்மார்க் லிங்க்கில் மட்டும். ஜாப் ஒர்க் ஆட்கள் முணுமுணுக்கிறார்கள். ஆளுக்கொரு என்டிஏவில் கையெழுத்து வாங்க அப்பாவே நேரில் போகிறார்.

மதுரை_லினக்ஸ்

நல்ல முடிவு. ஒன்று விட்டுப்போயிருக்கலாம். கம்பெனி டொமைன் (இணைய முகவரிப் பெயர்) யார் பெயரில், எந்த மெயிலில் இருக்கிறது? கிளவுட் கணக்கின் பாஸ்வேர்டை மீட்கும் வழி அங்கேதான் முடியும்.

கோவை_வார்ப்பு

பார்த்தேன். பழைய சர்வீஸ் ஆளின் சொந்த ஜிமெயிலில் இருக்கிறது. மொபைல் எண்ணும் அவருடையதே.

மதுரை_லினக்ஸ்

கிளவுடில் ஒரு ஃபைல்கூட ஏற்றுவதற்கு முன் அதை மாற்றுங்கள். பதிவை கம்பெனி பெயருக்கு எழுதுங்கள். மெயில் அந்த டொமைனிலேயே இருக்கக் கூடாது, டொமைன் முடங்கினால் மெயிலும் முடங்கும். எண் கம்பெனி பெயரில் வாங்கிய சிம்மாக இருக்கட்டும். ரினியூவல் தேதியை தங்கையின் காலண்டரில் போடுங்கள்.

கோவை_வார்ப்பு

அவரைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன், நல்ல மனுஷன், நாளைக் காலை ஆபீஸுக்கு வந்து அவர் லாகினிலேயே மாற்றித் தருகிறேன் என்கிறார். மாற்றிய பிறகுதான் ஏற்றுமதி ஒப்பந்த ஃபோல்டரை நகர்த்த ஆரம்பிப்போம்.